அறுந்துபோனதாகச் சொன்ன கயிறு

கயிற்றுக் கடையின் படியில் செருப்பைக் கழற்றக் கேப்டன் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கேப்டன் என்றதும் வெள்ளைத் தொப்பியும் தங்கப் பட்டையுமாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இருபத்தெட்டு அடிப் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, இந்தக் கரையில் இருப்பவர்களை அந்தக் கரையிலும் அந்தக் கரையில் இருப்பவர்களை இந்தக் கரையிலும் இறக்கிவிடுகிற மனிதர், அவ்வளவுதான். படகுத்துறையில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். நன்றாகச் சமைத்த நாளில் மட்டும் ‘ஏங்க’.

அன்று காலை மூன்று பேராக வந்திருந்தார்கள். கேப்டன், அவர் மனைவி, மனைவியின் தம்பி. படகில் எஞ்சின் பார்ப்பவன் அந்த மைத்துனன்தான். நான்கு மாதத்துக்கு முன்பு வரை படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிக்கொண்டிருந்தவன், இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறான். இடது பாதத்தில் மூன்று விரல்கள் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் வேலைக்கு வருகிறேன் என்று அடம் பிடித்தான். அக்காக்காரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படகில் ஒரு கயிறுகூடப் பழையது இருக்கக் கூடாது, புதுக் கயிற்றை அவள் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஊருக்குத் தெரிந்த கதை இது. ஒரு புதன்கிழமை மத்தியானம், காற்று கிளம்பியிருந்த நேரம், படகு ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதந்த பிளாஸ்டிக் பை ஒன்று எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற வழியை அடைத்துக்கொண்டது. எஞ்சின் நின்றது. பக்கத்தில் பாறைச் சுவர். கேப்டன் நங்கூரத்தைப் போட்டார். கயிறு அறுந்தது. படகு நேரே பாறைக்குப் போனது. மைத்துனன் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பாறையைத் தள்ளப் பார்த்தான். எந்தப் படகுக்காரரும் செய்யக் கூடாத காரியம், எல்லாப் படகுக்காரர்களும் செய்கிற காரியம். மூன்று விரல்கள் போயின.

இதில் கயிறு அறுந்தது என்பது மட்டும் பொய்.

நங்கூரக் கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு. ஒன்று நங்கூரத்தில் இருக்கும். மற்றது படகின் முன்பக்கத்தில், கயிற்றுப் பெட்டியின் அடியில் உள்ள இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும். இந்த இரண்டாவது முனையை யாரும் தினமும் பார்ப்பதில்லை. அறுபது மீட்டர் கயிறு அதன்மேல் குவிந்து கிடக்கும். விபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, உப்பேறி விறைத்துப்போயிருந்த கயிற்றை மைத்துனன் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, முனையை வளையத்தில் கட்டிப் பெட்டிக்குள் அடுக்கினான். திங்கட்கிழமை காலையில் கேப்டன் பெட்டியைத் திறந்து பார்த்தபோது கயிறு முறுக்கேறிக் கிடந்தது. முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டு, முறுக்கு விடுபடட்டும் என்று முனையை அவிழ்த்து உதறினார். அதற்குள் முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று கயிற்றை அள்ளி உள்ளே போட்டார். அப்புறம் மறந்தே போனார், கட்டவில்லை. புதன்கிழமை கயிறு அவர் கையைச் சுட்டுக்கொண்டு ஓடியபோது, முனை உள்ளே கட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் கையை விட்டார். அறுபது மீட்டரும் ஓடி, முனையும் ஓடியது.

பாறைமேல் ஆட்கள் ஓடிவந்து ‘என்னாச்சு கேப்டன்’ என்று கேட்டபோது, மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. கயிறு அறுந்துடுச்சு. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அப்போது ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் மைத்துனனைத் தூக்குவதில் போயிற்று. பிறகு ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. நைலான் மிதக்காது. கயிறு நங்கூரத்தோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, சாட்சி சொல்ல மேலே வரவில்லை.

கடைக்காரம்மா அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். முதலில் மைத்துனனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கேப்டன் வயதுதான் இருக்கும் அவளுக்கும். கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள், ஆனால் கயிற்றைக் கண்ணால் பார்க்க மாட்டாள், விரலால்தான் பார்ப்பாள். சுவர் நெடுக இரும்புக் கம்பிகளில் கயிற்று உருளைகள். மேசையின் விளிம்பில் ஒரு மீட்டர் நீளப் பித்தளைப் பட்டை ஆணியடித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் மைத்துனனைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். இரண்டு தடவையும், தன் கடையில் வாங்கிய அந்தக் கயிற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மனைவி வந்து சொன்னபோது, கேப்டனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“கரையில கட்டற கயிறை முதல்ல பார்த்துடலாம்,” என்றார் கேப்டன். சுலபமானதிலிருந்து ஆரம்பிப்பது அவர் வழக்கம். கஷ்டமானதற்குள் நேரமாகிவிட்டால் நல்லது என்ற நப்பாசையும் உண்டு.

“நாலுதானே. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, படகு முன்னயும் பின்னயும் ஓடாம இருக்க சாய்வா ரெண்டு,” என்றாள் கடைக்காரம்மா. “சாய்வாக் கட்டறது ரெண்டும் படகு நீளத்துக்கு இருக்கட்டும். மத்தது ரெண்டும் கொஞ்சம் குட்டையா இருந்தாப் போதும். பன்னெண்டு எம்எம், முப்புரி நைலான்.”

மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவள். துணியைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு உருளையிலும் ஒரு முழம் இழுத்து, முறுக்கி, கசக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நீலக் கயிறு ஒன்றின் முன்னால் நின்றாள்.

“இது நல்லா பளபளன்னு இருக்கே. கனமும் இல்ல.”

“அது மிதக்கும்மா. தொங்கவிட்டா அடுத்த படகோட எஞ்சின் விசிறியில போய்ச் சுத்திக்கும். வெயில்ல ரெண்டு வருஷம் கிடந்தா கையோட தூளா வரும்.”

“நம்ம வீட்டுத் துணி காயப்போட வாங்கிக்கலாம்,” என்றார் கேப்டன். “உங்க வேட்டியைக்கூட அது தாங்காது,” என்றாள் மனைவி. மைத்துனன் சிரித்தான். நான்கு கயிற்றையும் அளந்தாகிவிட்டது. படகுத்துறைக் கட்டையில் உரசுகிற இடத்தில் மாட்ட ரப்பர் குழாய்த் துண்டுகளும் எடுத்தாகிவிட்டது. கொஞ்ச நேரம் கேப்டன் எல்லாவற்றையும் மறந்து, கயிற்று நுனியில் எந்தக் கண்ணியை எவ்வளவு அகலத்தில் பின்ன வேண்டும் என்று விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“நங்கூரத்துக்கு?” என்று கேட்டாள் மனைவி.

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துவிட்டுப் போடவில்லை.

“அதுல நான் என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. இந்த அளவு படகுக்குப் பதினாலு எம்எம் போதும்னு பதிமூணு வருஷமா வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இப்ப அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது. உங்களுக்குக் குடுத்த உருளையில மிச்சம் இருந்ததை நான் யாருக்கும் விக்கல. அதோ மூலையில கிடக்கு. பிரிச்சுப் பார்த்தேன், எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். எந்தக் கோளாறும் தெரியல.”

“இருக்கறதுலயே தடியானதாக் குடுங்க,” என்றாள் மனைவி.

“இருபது இருக்கு. அதைத்தான் இப்ப எல்லாருக்கும் குடுக்கறேன்.”

தடியான கயிறு நல்ல கயிறு என்று தரையில் வாழ்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நங்கூரத்துக்கு நைலானைத் தேடி வாங்குவதே அது நீண்டு கொடுக்கும் என்பதற்காகத்தான். அலை படகைத் தூக்கிப் போடும்போது கயிறு கொஞ்சம் நீண்டு, அந்த உதறலைத் தானே வாங்கிக்கொள்ளும். நங்கூரம் மண்ணில் அசையாமல் கிடக்கும். இருபது எம்எம் கயிற்றைச் சின்னப் படகால் இழுத்து நீட்ட முடியாது. அது கம்பிபோல நின்று, அலைக்கு அலை நங்கூரத்தை வெடுக் வெடுக்கென்று பிடுங்கும். இதைக் கேப்டனுக்குச் சொன்னதே இந்தக் கடைக்காரம்மாதான். அவளே இப்போது இருபதை எடுத்து நீட்டுகிறாள்.

“மூணு படகுக்குக் குடுத்தேன்,” என்றாள் அவள். “போன வாரம் காத்துல அதுல ஒண்ணு நங்கூரத்தைப் பிடுங்கிக்கிட்டு அடுத்த படகு மேல போய் மோதிடுச்சு. ஆள் யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. பதினாலு குடுத்தா அறுந்துபோகுது, இருபது குடுத்தா பிடுங்குது. எனக்குத் தெரிஞ்சது எல்லாமே தப்போன்னு இருக்கு.”

கேப்டன் அளந்து வைத்திருந்த கயிறுகளை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தார். தான் சொன்ன பொய் தன் வீட்டோடு கிடக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அது இந்தப் பெண்ணின் கையில் ஏறி, அவளுடைய கயிற்றில் ஏறி, மூன்று படகில் ஏறிக்கொண்டு போயிருக்கிறது. பதினாலே சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால், அறுந்துபோன கயிற்றையே திரும்ப எதற்கு வாங்குகிறீர்கள் என்று மனைவி கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“பதினாலே குடுங்க,” என்றான் ஸ்டூலில் இருந்த மைத்துனன்.

“உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சிடுச்சா?” என்றாள் அக்கா. “மிச்சம் ஏழு விரல் இருக்குன்னு தைரியமா?”

“அத்தான், கொஞ்சம் வெளியே வர்றீங்களா. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு.”

வெளியே எதிர்ப்பக்கம் லாரியிலிருந்து டயர்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் சுவரில் சாய்ந்து நின்று, கைத்தடியை இரண்டு கைக்கும் நடுவே வைத்து உருட்டினான்.

“கயிறு அறுந்து போகல அத்தான்.”

கேப்டன் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் பார்த்தேன். எஞ்சினை விட்டுட்டு முன்னாடி ஓடி வந்தேன்ல, அப்ப. முனை பெட்டியிலேருந்து துள்ளி வெளிய போச்சு. அந்தம்மா நுனியில சிவப்பு நூல் சுத்தித் தருவாங்களே, அது அப்படியே இருந்துச்சு.”

“மாப்ளே...”

“நான் பேசி முடிச்சுக்கறேன். நாலு மாசமா உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரல. ஞாயித்துக்கிழமை அந்த முனையைக் கட்டினது நான். சோப்புப் போட்டு அலசின நைலான், வழுக்கும், ஒரு சுத்து கூடப் போடணும். எனக்குத் தெரியாதா? போட்டேன்னுதான் நினைச்சேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையே யோசிச்சிட்டிருந்தேன். போட்டேன்னு தோணும், கொஞ்ச நேரத்துல போடலன்னு தோணும். என் முடிச்சு வழுக்கிட்டுப் போயிருக்கு. நீங்க அத்தனை பேர் முன்னாடியும் கயிறு அறுந்துடுச்சுன்னு சொல்லி என்னைக் காப்பாத்துனீங்க. எங்கக்காகிட்டகூட மூச்சு விடல.” அவன் கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டான். “கூடப் பிறந்த அண்ணன் இருந்தாக்கூட இதைச் செஞ்சிருக்க மாட்டான்.”

“அப்படி இல்ல மாப்ளே,” என்று ஆரம்பித்தார் கேப்டன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உள்ள போய் அந்தம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நான் பண்ணின தப்புக்கு அவங்க ஏன் தலை குனியணும்?”

கைத்தடி டக் டக்கென்று தட்ட அவன் உள்ளே போனான். இந்த இடத்தில் கேப்டனைப் பற்றி ஒன்றை மூடி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி. பாவி மனுஷன், அவர் மனசு கணக்குப் போட்டுவிட்டது. கயிற்றின் மேலிருந்த பழி நீங்கிவிடும். கடைக்காரம்மா மறுபடியும் பதினாலு விற்பாள். மூன்று படகும் சரியாகிவிடும். அவரும் நல்லவராகிவிடுவார். எல்லாம் நேராகிவிடும், மைத்துனன் ஒருவனைத் தவிர. அவன் என்ன, ஏற்கெனவே அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறான். கேப்டன் படியேறி உள்ளே போனபோது அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பாதி சொல்லி முடித்திருந்தான்.

சொல்லி முடித்ததும் கடைக்காரம்மா ஒரு உருளையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதமாக யாரோ அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்து இப்போது கையை எடுத்ததுபோல் அவள் முதுகு தளர்ந்தது.

“அப்ப கயிறு நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான் மைத்துனன்.

மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருபது எம்எம் கயிற்றின் சுருள் இருந்தது.

“உன் காலை நீயேதான் கெடுத்துக்கிட்டியா,” என்றாள் மெதுவாக. “ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல உனக்கு. நான் எத்தனை நாள் இந்தம்மாவைச் சபிச்சிருக்கேன் தெரியுமா?” பிறகு கணவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. “இதை மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா இருந்தீங்க? என்கிட்டகூடச் சொல்லாம?”

“உங்க மேல எனக்குக் கோபம் வரணும் கேப்டன்,” என்றாள் கடைக்காரம்மா. “மச்சினனுக்காகன்னு தெரிஞ்சப்புறம் வரமாட்டேங்குது.”

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு, விரல் போன பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா திட்டியது அவனுக்குச் சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். இதுதான் கேப்டனால் தாங்க முடியாமல் போன இடம். திட்டு வாங்கிக்கொண்டு அவன் அடக்கமாக உட்கார்ந்திருந்த விதம்.

“அவன் போட்ட முடிச்சு வழுக்கல,” என்றார். “அதை அவிழ்த்தது நான்.”

யாருக்கும் உடனே புரியவில்லை. விபத்துக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் நடந்ததிலிருந்து சொன்னார். முறுக்கு, முதல் ஆட்கள், அப்புறம் கட்டிக்கலாம் என்று விட்டது, எல்லாம். நின்று நின்று சொன்னார். நடுவில் யாராவது ஏதாவது கேட்டால் தேவலை என்று இருந்தது. மனைவி கையிலிருந்த சுருளை மேசைமேல் வைத்தாள்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றான் மைத்துனன்.

“கயிறு ஓடி முடிஞ்ச அந்த நிமிஷமே தெரியும்.”

“இப்ப வெளிய நான் சொன்னப்ப?”

“அப்பவும் தெரியும்.”

மைத்துனன் எழுந்தான். ஸ்டூலைப் பழைய இடத்தில் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனான். மனைவி பின்னாலேயே போனாள். கேப்டனைத் தாண்டும்போது, நெரிசலில் முன்பின் தெரியாதவரைத் தாண்டுவதுபோல் ஒதுங்கித் தாண்டினாள்.

கடைக்காரம்மா இருபது எம்எம்மை எடுத்து உள்ளே போட்டாள். மூலையில் கிடந்த உருளையை உருட்டி வந்து கம்பியில் மாட்டினாள். பித்தளைப் பட்டையில் வைத்து ஒவ்வொரு மீட்டராக இழுக்க ஆரம்பித்தாள். அறுபது வரும்வரை நிமிரவில்லை. சூட்டுக் கத்தியால் வெட்டினாள். நைலான் கருகுகிற நாற்றம் வந்தது.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வாங்க,” என்றாள். “இருபது வாங்கிட்டுப் போன மூணு பேரையும் வரச் சொல்றேன். அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, கடைக்காரி சரக்கைக் காப்பாத்தறான்னு நினைப்பாங்க.”

“வர்றேன்.”

“அவங்க கேட்கறதை எல்லாம் கேட்டுக்கணும்.”

“கேட்டுக்கறேன்.”

கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கேப்டன் தெருவுக்கு வந்தார். பஸ் நிறுத்தத்துப் பலகையில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடம் இல்லை. ஓரத்தில் இருந்த இடத்தில் மனைவி தன் பையை வைத்தாள். அவர் அவர்களுக்கு எதிரே நின்றார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். ஒரு பஸ் வந்து நின்று போனது, அது அவர்களுடைய பஸ் இல்லை.

“அத்தான்.”

“சொல்லு மாப்ளே.”

“நீங்க அவிழ்க்கும்போது, அந்த முடிச்சு எப்படி இருந்துச்சு?”

கேப்டனுக்குக் கேள்வி புரியக் கொஞ்சம் நேரமானது.

“கல்லு மாதிரி இருந்துச்சு,” என்றார். “விரலால ஒண்ணும் பண்ண முடியல. ஆணியை விட்டு நெம்பித்தான் அவிழ்த்தேன். ஒரு சுத்து இல்ல, ரெண்டு சுத்து கூடப் போட்டிருந்த.”

“ரெண்டு சுத்தா?”

“ரெண்டு.”

மைத்துனன் தலையை ஆட்டிக்கொண்டான். இன்னொரு தடவை ஆட்டினான். விரல்களை எடுத்த அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அக்கா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கேப்டன் அறுபது மீட்டர் கயிற்றையும் சுமந்துகொண்டு வெயிலில் நின்றார். அதை இறக்கி வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.